இரண்டு கொப்பி

எங்கள் கடைக்கு வருகிற ஆட்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "எல்லாப் பேப்பரையும் ஒண்டாக் கொண்டு வாங்கோ." கொட்டாஞ்சேனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோக்கொப்பி அடிப்பது, போனுக்கு றீலோட் போடுவது, பாஸ்போட் படிவம் நிரப்புவது, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது எல்லாம் நான்தான். பதினொரு வருடமாக இதே கதிரை. அடையாள அட்டையைக் கொண்டு வந்தவர் பிறப்புச் சான்றிதழை வீட்டில் வைத்திருப்பார். பிறப்புச் சான்றிதழோடு வந்தவர் கலியாணச் சான்றிதழை மறந்திருப்பார். அவர்களை நான் ஏசாத ஏச்சு இல்லை. ஒரு பேப்பரைப் பார்த்து ஒருவனுடைய கதையை எழுத முடியுமா என்று கேட்பேன்.

அப்படிப்பட்ட நான், இரண்டு வருடமாக என் நோயை இரண்டாகப் பிரித்து இரண்டு கொப்பியில் வைத்திருந்தேன். ஒன்றை மற்றது பார்க்காமல் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். இப்போது சுகமாகி, விரல் மடங்கி விரிகிறது. தட்டச்சு அடிக்க முடிகிறது. அதனால் இதை எழுதுகிறேன். என்னைப்போல் கெட்டித்தனம் காட்டுகிற வேறு யாராவது இருப்பீர்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறவர்களுக்குக் கொப்பியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடையில் வாங்கிய சாதாரணக் கொப்பியில், பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற நோட்டில்தான் நம் நோயின் சரித்திரம் முழுக்க இருக்கும். டொக்டர் அதில்தான் எழுதுவார். அடுத்த முறை வேறொரு டொக்டர் இருந்தால் அவர் அதை வாசித்துத்தான் நம்மை அறிந்துகொள்வார். மருந்து கொடுப்பதும் அதைப் பார்த்துத்தான். ஆனால் அதை வைத்திருப்பது நோயாளி. ஆஸ்பத்திரிக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்பது நம் கையில் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ள அதுவே போதும்.

முதலாவது கொப்பி கைவிரலில் தொடங்கியது. காலையில் எழும்பினால் விரல் மடங்காது. தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துத்தான் குடிப்பேன். பிறகு முழங்கால், மணிக்கட்டு. கன்னம் இரண்டிலும் சிவப்பாக ஒரு தடிப்பு வந்தது. என் கணவர் றமணன் ஒருகொடவத்தையில் கண்டெய்னர் யாட் ஒன்றில் வேலை செய்கிறவர். வெயிலில் நிற்கிற மனிதர் என்பதால் எதற்கும் வெயிலைத்தான் குற்றம் சொல்வார். "குடையைப் பிடிச்சுக்கொண்டு போம்" என்றார். குடையும் பிடித்தேன். தடிப்புப் போகவில்லை. கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள், சலம் எடுத்தார்கள், மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். கடைசியில் லூபஸ் என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் நிர்ப்பீடனம் என்று பாடமாக்கி, பரீட்சையோடு மறந்த சொல் அன்று திரும்பி வந்தது. வெளியிலிருந்து வருகிற கிருமியோடு சண்டை பிடிப்பதற்கு உடம்பு வைத்திருக்கிற காவல் அது. லூபஸ் வந்தால் அந்தக் காவல் ஆள் மாறி அடிக்கிறது. சொந்த மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் அந்நியமென்று நினைத்துவிடுகிறது. அடிபட்ட இடம் சிவந்து வீங்கிக் காந்தும். அதைத்தான் அழற்சி என்கிறார்கள். முற்றாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார்கள். கொப்பிக்கு ஒரு பொலித்தீன் உறை போட்டு அலுமாரியில் வைத்தேன். இந்த நோயைப் பற்றி யாரோடும் கதைக்க எனக்கு வெட்கமே இருந்ததில்லை. கடைக்கு வருகிறவர்களுக்குக்கூட விரலை நீட்டிக் காட்டுவேன்.

இரண்டாவது கொப்பியில் இருந்ததைச் சொல்வதுதான் கஷ்டம். கவலை என்று சொன்னால் பொய். கவலைக்கு ஒரு காரணம், ஒரு கண்ணீர் இருக்கும். எனக்கு எதுவும் வேண்டாமென்று போய்விட்டது. கடைக்குப் பக்கத்துப் பேக்கரியில் மூன்று மணிக்கு மீன் ரோல்ஸ் பொரித்து எடுப்பார்கள். அந்த வாசம் வந்தால் கதிரையில் இருக்க மாட்டேன் என்று எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். அந்த வாசம் வந்தது, போனது. நான் இருந்த இடத்தில் இருந்தேன். எங்கள் மகள் ஆரணிக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூட வானால் இறங்கி வாசலிலிருந்தே அன்றைய கதை முழுவதையும் சொல்லிக்கொண்டு வருவாள். அவளுடைய வாய் அசைவதைப் பக்கத்து வீட்டு ரீவியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளையில் எனக்கு அன்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், என் அடையாள அட்டை இலக்கம் தெரிவதுபோல. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வெள்ளவத்தையில் இருக்கிற நளினி அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். எனக்கு ஐந்து வயது மூத்தவள், பிள்ளைகள் இல்லை, கண் கூர்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வீட்டில் சாப்பிடும்போது என் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ ஒரு மாசமா உப்பு இல்லை எண்டு சொல்லேல்லையடி. நான் இண்டைக்கு வேணுமெண்டே உப்புப் போடேல்லை."

அடுத்த கிழமையே காசு கட்டி நேரம் எடுத்து, மனநோய் வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணினாள். வெள்ளவத்தையில் ஒரு சனலிங் சென்ரரில் புதன்கிழமை மாலைகளில் வருவார். அங்கேயும் ஒரு கொப்பி வேண்டியிருந்தது. நான் மற்றக் கொப்பியை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். அக்கா கையால் என் வாயைப் பொத்தாத குறை.

"விசரே உனக்கு? அந்தக் கிளினிக்கில எங்கட ஆக்கள் எத்தினை பேர் வருகினம். ஒருத்தி எட்டிப் பாத்தாள் எண்டா கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிஞ்சிடும். நாளைக்கு ஆரணியைக் கேட்டு வரேக்க, தாய்க்கு மனவருத்தமாம் எண்டு ஒரு கதை வரும். வேற கொப்பி வாங்கு. அப்பான்ர பேரைப் போடு. என்ர வீட்டு அட்ரஸைக் குடு."

எட்டு வயதுப் பிள்ளையின் கலியாணத்தை நினைத்து இரண்டு பெரிய பெண்கள் எடுத்த முடிவு இது. சிரிக்க வேண்டுமென்றால் சிரியுங்கள். எங்கள் ஆட்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியாது. நானும் தலையாட்டினேன். ஆரணிக்காக நான் செய்கிற ஒரு காரியம் என்று அது எனக்குப் பட்டது.

கொப்பிக்கு உறை போட்டவளும் ஆரணிதான். தவணை தொடக்கத்தில் தன் கொப்பிகளுக்குப் பழுப்புத் தாள் உறை போட்டுக்கொண்டிருந்தவள், என் கையிலிருந்ததையும் வாங்கி அழகாக மடித்து ஒட்டினாள். பள்ளிக்கூட லேபல் ஒன்றையும் ஒட்டினாள். பெயர் என்ற இடத்தில் சுகந்தி றமணன் என்று எழுதப் போனாள். நான் தடுத்துச் சுகந்தி சிவபாலன் என்று எழுதச் சொன்னேன்.

"அது அம்மப்பான்ர பேரெல்லே?"

"ஓம். அப்பிடியே எழுது."

"பாடம் எண்ட இடத்தில?"

"அதை விடு. இஞ்சை பார், இந்தக் கொப்பியை ஒருத்தருக்கும் காட்டக் கூடாது, என்ன?"

அவள் தலையாட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. அது எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்படியே போனது. மூட்டு கிளினிக்கில் "வேறு மருந்து எடுக்கிறீர்களா, நித்திரை எப்படி" என்று கேட்பார்கள். வேறு ஒன்றும் இல்லை, நித்திரை நல்லம் என்பேன். வெள்ளவத்தையில் "உடம்பில் வேறு நோய் உண்டா" என்று கேட்பார். இல்லை என்பேன். விரல் வீக்கத்தை அவர் கண்டு கேட்டபோது, தட்டச்சு வேலை என்று ஒரு சிரிப்புச் சிரித்தேன். இரண்டு டொக்டர்களும் கெட்டிக்காரர்கள். ஆளுக்குப் பாதிப் பேப்பரைக் கொடுத்தால் அவர்களும் என்ன செய்வார்கள்?

மன மருந்து கொஞ்சம் உதவியது, பிறகு நின்றது. எனக்கு எழும்பிச் சமைக்க முடியாமல் போனபோது ஆரணியை நளினி அக்கா தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம்தான், சுகம் வந்ததும் வரட்டும் என்றாள். நான் மறுப்புச் சொல்லவில்லை. அவர்கள் போன அன்று நான் மேல்மாடி பல்கனியில் நின்றேன். கீழே ஓட்டோவில் ஏறுவதற்கு முன் ஆரணி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். துணியை எடுத்து முடித்தேன். இதை எழுதும்போது இந்த இடத்தில் நான் எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை இருக்கும். காய்ச்சல் காய்ந்தது. கடையில் ஒருவருடைய அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி மெசினில் வைத்துவிட்டு, அது அடித்துத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேனாம். முதலாளி வந்து நிறுத்தியபோது நாற்பது கொப்பி வந்திருந்தது. இது எந்த ஊர் என்று அவரிடம் கேட்டேனாம். றமணன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு மின்விசிறி மட்டும்.

வாட்டில் முதலில் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்தார்கள். முதுகின் அடியில் ஊசி போட்டு, மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியிருக்கிற நீரில் கொஞ்சம் எடுத்தார்கள். அதில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வளைந்து படுக்கச் சொல்லி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து ஒரு மிஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இங்கே தாதிமாரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய கை கழுத்தில் இருந்தது எனக்குத் தெரிகிறது, வலி தெரியவில்லை. தலையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைப்பார்கள், இரும்புக் கடையில் அடிக்கிற சத்தம் கேட்கும், அசையாமல் கிடக்க வேண்டும். பயப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போவது நல்லது. எனக்குப் பயமும் வரவில்லை. சுகமாக இருக்கிற ஒருவருக்கு இது தைரியமாகத் தெரியலாம். செத்துப் போவேனோ என்றுகூட யோசிக்காத ஒரு தாய் அங்கே கிடந்தாள்.

வேறு மருந்து எதுவும் எடுக்கிறாரா என்று வாட்டில் றமணனைக் கேட்டிருக்கிறார்கள். "இல்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டார். அவருக்குப் புதன்கிழமைகள் தெரியும். ஆனால் இரண்டு வருடமாகச் சொல்லிப் பழகிய பதில் வாயில் முதலில் வந்துவிட்டது என்று பிறகு சொன்னார். காய்ச்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றும் அவர் நினைத்திருக்கிறார். நானும் அப்படித்தானே நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் ஆரணிக்கு உடுப்புக் கொடுக்க வெள்ளவத்தைக்குப் போயிருக்கிறார். அங்கே நளினி அக்காவிடம், எனக்கு என்ன வருத்தமென்று டொக்டர்மாருக்குப் பிடிபடவில்லை, கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஆரணி மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தவள்.

"எந்தக் கொப்பியை அப்பா?"

"அம்மான்ர கிளினிக் கொப்பி."

"அம்மாட்ட ரெண்டு கொப்பி இருக்கு."

ஆரணி எழும்பிப் போய்த் தன் பள்ளிக்கூடப் பையைத் திறந்து, அடியில் இருந்த பழுப்பு உறைக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாளாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும்போதே எடுத்து வந்திருக்கிறாள். அம்மாவால் இனி மறைத்து வைக்க ஏலாது, யாராவது கண்டுவிடுவார்கள் என்று தானே பொறுப்பெடுத்திருக்கிறாள். கொடுக்கும்போது பிடியை விடவில்லையாம்.

"காட்டினா அம்மா கோவிப்பாவோ?"

றமணன் என்ன பதில் சொன்னார் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். தனக்கு ஞாபகமில்லை, கொப்பியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன் என்றுதான் சொல்கிறார். பதில் சொல்லாமல் ஓடியிருக்கிறார். அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆரணி பதில் கிடைக்காமல் அங்கேயே நின்றாள்.

வாட்டில் ஒரு இளம் டொக்டர் இருந்தா. சிங்களப் பெண், முப்பது வயதுகூட இராது. இரண்டு கொப்பியையும் என் கட்டிலில், என் கால்மாட்டில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நின்றபடியே வாசித்தா. ஒரு தாளில் கோடு கீறி இந்தப் பக்கத் திகதி, அந்தப் பக்கத் திகதி என்று எழுதினா. இங்கே மூட்டு வீக்கம் கூடியிருக்கிறது. அங்கே அதே கிழமை 'ஒன்றிலும் விருப்பமில்லை'. இங்கே இரத்தத்தில் அழற்சி குறைந்திருக்கிறது; அங்கே 'கொஞ்சம் தெளிவு'. அன்று காய்ச்சல் இறங்கித் தலை கொஞ்சம் தெளிந்திருந்தது; ஒரு பக்கம் முடிவதற்கு முன்பே எனக்கும் தெரிந்துவிட்டது. படிவம் நிரப்புகிற எனக்குத் தெரியாதா?

முதுகு நீரில் கிருமி இல்லை, லூபஸ் மூளையிலும் கை வைத்திருக்கிறது என்றா. அன்று நாங்கள் சிங்களத்தில் கதைத்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"காய்ச்சல் வந்தால் உங்களுக்குச் சாப்பிட மனம் வருமா அக்கே? ஆட்களோடு கதைக்க, வெளியில் போக?"

"இல்லை."

"அது சோம்பல் இல்லை. கிருமியோடு சண்டை பிடிக்கிற செல்கள் இரத்தத்தில் சில இரசாயனங்களை விடும். அந்தச் செய்தி மூளைக்குப் போகும். பேசாமல் படு, சாப்பாடு வேண்டாம், ஒருவரும் வேண்டாம் என்று சொல்லும். ஆறுவதற்காக உடம்பு செய்கிற வேலை அது. சண்டை முடிந்தால் செய்தியும் நின்றுவிடும். உங்கள் உடம்பில் சண்டை முடியவே இல்லை."

"அப்ப என்ர மனசுக்கு ஒன்றுமில்லையா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் எவ்வளவு ஆசையோடு கேட்டேன் என்பதை அவ கவனித்துவிட்டா.

"அப்படிச் சொல்ல மாட்டேன். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களாலும் முடியாது. மறுபக்கமாகவும் நடக்கும். நித்திரை இல்லாமல், பயந்து, ஒளித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தால் அது நிர்ப்பீடனத்தையும் குழப்பும். வெள்ளவத்தை டொக்டரோடு நான் போனில் கதைத்தேன். அவருடைய மருந்தும் வேண்டும், எங்களுடைய மருந்தும் வேண்டும். ஒரு ஆள்தானே நீங்கள்."

மூன்று நாள், சேலைன் ஏற்றுவதுபோல் நரம்பில் ஸ்டீரொயிட் மருந்து ஏற்றினார்கள். காவலை அடித்து உட்கார வைக்கிற மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் தன் குணம் உண்டு. நித்திரை ஓடிவிட்டது, முகம் ஊதியது, ஒரு நாள் முழுக்க வாய் ஓயாமல் கதைத்தேனாம். அதுவும் மருந்தின் வேலைதான், பொறுத்திருங்கள் என்றா டொக்டர்.

பக்கத்துக் கட்டிலில் முகத்துவாரத்து ஜெசிந்தா அக்கா இருந்தா. மீன்பிடிக் குடும்பம், சிறுநீரக வியாதி. பார்வையாளர் நேரத்தில் அவவின் வீட்டார் பாதி வாட்டை நிரப்பிவிடுவார்கள். அவவுக்கு உப்புக் கூடாது. அவர்கள் கொண்டு வருகிற சம்பலை அவவால் தொட ஏலாது. ஒரு காலையில் வாட்டுப் பாணும் பருப்பும் வந்தது. பக்கத்தில் சம்பல் டப்பா திறந்தது. என் வாயில் தண்ணீர் ஊறியது. இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஒரு வருடமாக எனக்கு அது ஊறவில்லை.

"அக்கா, அந்தச் சம்பலில கொஞ்சம் தாங்கோ" என்றேன்.

"இப்பதான் புள்ளைக்கு வாய் தொறந்திருக்கு" என்று ஜெசிந்தா அக்கா டப்பாவை அப்படியே என் பாணில் கொட்டினா. எனக்கும் உப்புக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள் என்பதை நான் பிறகுதான் நினைத்தேன்.

தாய் என்றால் முதலில் பிள்ளையின் நினைவுதான் வர வேண்டும். எனக்கு முதலில் வந்தது சம்பல். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். பிள்ளையின் நினைவு அன்று பின்நேரம்தான் வந்தது. வாட்டுக்கு வெளியே வானொன்று ஹோர்ன் அடித்தது, பள்ளிக்கூட வானின் ஹோர்ன் மாதிரி. நான் என்னை அறியாமல் வாசலைப் பார்த்தேன். யாரும் கதை சொல்லிக்கொண்டு வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவள் என்னோடு இல்லை. அவள் போய் ஒரு மாதமாகிறது. அந்த ஒரு மாதத்து ஏக்கமும் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து ஏறியது. அவளுடைய தலைமயிரில் வெயில் மணக்கும். அந்த மணம் வேண்டும். தொண தொணவென்று சொல்கிற கதை வேண்டும். பல்கனியில் நின்று கையசைக்காத அந்த நாள் எனக்குத் திரும்ப வேண்டும். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். மிஸ் ஓடி வந்து எங்கே நோகிறது என்று கேட்டா. மகள் வேண்டும் என்றேன். டொக்டர் வந்து பார்த்து, கொப்பியில் ஏதோ எழுதினா. பிறகு எடுத்து வாசித்தேன். 'மகளைத் தேடி அழுகிறார். நல்ல முன்னேற்றம்.'

சின்னப் பிள்ளைகளை வாட்டுக்குள் விடமாட்டார்கள். போன்தான். நளினி அக்காவுக்கு எடுத்தேன்.

"ஆரணியிட்டக் குடு."

"குளிக்கிறாளடி."

மறுநாள் எடுத்தேன், படிக்கிறாள் என்றாள். அதற்கடுத்த நாள் நித்திரை. பின்நேரம் ஐந்து மணிக்கு எந்தப் பிள்ளை நித்திரை கொள்ளும்? நளினி அக்காவுக்கு உப்பைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியும், மற்றதெல்லாம் குரலில் தெரிந்துவிடும். "அவள் வரமாட்டாளாம் போல" என்று றமணனிடம் சொன்னேன். "நான் அவளை வேண்டாமெண்டு விட்டனான். இப்ப அவளுக்கு நான் வேண்டாம்." றமணன் பழம் உரித்துத் தந்தார். வேறு என்ன செய்வார்?

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு கிழமை பொறுக்க வேண்டியிருந்தது. ஸ்டீரொயிட் காவலை அடக்கி வைத்திருப்பதால் சின்னச் சளி, தடிமன்கூட எனக்கு ஆகாது. ஆரணியின் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். கொட்டாஞ்சேனை வீட்டில் அவளுடைய சப்பாத்து வாசலில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் மூன்றரைக்கு, அவளுடைய வான் வருகிற நேரத்துக்கு, பல்கனியில் போய் நின்றேன். அந்த வான் எங்கள் தெருவுக்கு இன்னும் வரும், மற்றப் பிள்ளைகளை இறக்கும். எனக்கு அது வேதனையாக இருந்தது. வேதனையாக இருக்கிறதே என்று ஒரு பக்கம் கோயிலுக்கு நேர்த்தி வைக்கலாம் போலவும் இருந்தது.

போகலாம் என்று டொக்டர் சொன்ன அன்றே புறப்பட்டேன். கோட்டையில் இறங்கிக் காலி வீதி பஸ் எடுத்தோம். முகமூடி போட்டு, ஊதிய முகத்தோடு யன்னல் ஓரம் இருந்தேன். பம்பலப்பிட்டி தாண்டியதும் ஒவ்வொரு ஒழுங்கை வாசலிலும் ஒரு துண்டுக் கடல் தெரியும். ஒரு வருடமாக அதைப் பார்த்தும் பார்க்காமல் போனவள், அன்று ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தேன். றமணன் யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

அக்கா கதவைத் திறந்தாள். ஆரணி மேசையில் இருந்தாள். என்னைக் கண்டு எழும்பினாள், கிட்ட வரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் காட்டினனான்" என்றாள்.

"என்னத்தை?"

"கொப்பியை. நீங்க ஒருத்தருக்கும் காட்டக் கூடாதெண்டு சொன்னீங்க. நான் காட்டிப்போட்டன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. குளித்தது, படித்தது, ஐந்து மணிக்கு நித்திரை கொண்டது எல்லாம் இதற்காக. எனக்குக் கோபமென்று நினைத்து இவ்வளவு நாளும் ஒளித்திருக்கிறாள். நான் தரையில் அவளுக்கு முன்னால் இருந்தேன், முழங்கால் நோகாமல் மடங்கியது.

"நீ காட்டினபடியாத்தான் அம்மா இஞ்சை வந்து இருக்கிறன். அப்பிடிச் சொன்னது அம்மான்ர பிழை. உனக்கு நான் அப்பிடி ஒண்டைச் சொல்லியிருக்கக் கூடாது."

நளினி அக்கா குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஆரணி என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க என்னை நினைச்சனீங்களா?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் வாயில் அதுதான் முதலில் வந்தது, றமணனுக்கு வாட்டில் வந்ததுபோல. விழுங்கிவிட்டேன்.

"முதல் நினைக்கேல்லை" என்றேன். "நினைக்கேலாமல் ஒரு வருத்தம் அம்மாவுக்கு இருந்தது. பசி வராத மாதிரி, நினைப்பும் வரேல்லை. பிறகு மருந்து ஏத்தினவை. ஒரு நாள் வான் ஹோர்ன் கேட்டுது. அண்டைக்குத் தொடங்கி நினைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

"இப்பவும்?"

"இப்ப நீ முன்னால நிக்கேக்கையும்."

அவள் அதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வந்து என் கழுத்தில் தலையை வைத்தாள். தலைமயிரில் அக்காவின் வீட்டு சம்பூ மணந்தது. அடியில், கொஞ்சம்போல, வெயிலும்.

அடுத்த கிளினிக்குக்குப் புதுக் கொப்பி ஒன்று வேண்டியிருந்தது. இரண்டிலும் உள்ளதை டொக்டர் ஒன்றில் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தா. வரும் வழியில் நான் வாங்கி வந்ததை ஆரணி எடுத்து, பழுப்புத் தாளை விரித்து, மூலையை நகத்தால் அழுத்தி மடித்து உறை போட்டாள். லேபலை ஒட்டினாள்.

"எந்தப் பேரை எழுத?"

"என்ர பேரை. சுகந்தி றமணன். எங்கட வீட்டு அட்ரஸ்."

நளினி அக்கா தேநீரோடு வந்தவள் நின்று பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு சீனி போதுமா என்று கேட்டாள். ஆரணி எழுதி முடித்து, பாடம் என்ற இடத்தில் பேனையை வைத்து ஒரு நிமிடம் யோசித்தாள். என்னிடம் கேட்கவில்லை. 'அம்மா' என்று எழுதினாள். மை காயும் வரைக்கும் ஊதிவிட்டுக் கொப்பியைத் தன் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தாள்.

"ஏன் அதுக்குள்ள வைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"வீட்ட போகேக்க நான்தானே கொண்டு வரவேணும்" என்று சொல்லிவிட்டுத் தன் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள்.